போர் என்னும் அன்றாட வேலை: சந்தை, தாய், சமாதானம் குறித்துச் சில கேள்விகள்

1

போரைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் 'சாதாரண மக்கள்' என்ற சொல் கூப்பிடாமலே வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அரசுகள் போரிடுகின்றன, சாதாரண மக்கள் சாகிறார்கள். ஆயுத வியாபாரிகள் சம்பாதிக்கிறார்கள், சாதாரண மக்கள் அகதிகளாக ஓடுகிறார்கள். நம் துண்டுப்பிரசுரங்கள், கண்டனத் தீர்மானங்கள், கவிதைகள் எல்லாவற்றிலும் இந்த வாக்கியம் ஏதாவதொரு வடிவில் இருக்கும். வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதன் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மக்களுக்கு அது ஒதுக்கித் தருகிற வினைகள் இரண்டே இரண்டு: சாவது, ஓடுவது. இந்த இரண்டை மட்டும் கையில் வைத்திருக்கிறவர் போரைத் தடுக்க என்னத்தைச் செய்ய முடியும்? 'நம்ம கையில என்னப்பா இருக்கு' என்று டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைக்கிறார் என்றால், அந்தச் சலிப்பை அவருக்குக் கற்றுக்கொடுத்ததில் நம் வாக்கியத்துக்கும் பங்குண்டு.

போரின் ஊற்றுக்கண் எது என்பதற்கு வழக்கத்தில் இரண்டு கதையாடல்கள் இருக்கின்றன. ஒன்று, 'மேலே' என்கிறது. ஏகாதிபத்தியம், அரசு, மூலதனம், எல்லைக்கோடு. மற்றது, 'உள்ளே' என்கிறது. யுனெஸ்கோ 1945இல் தன் சாசனத்தில் போரின் பிறப்பிடமாகச் சுட்டியது மனித மனத்தை. முதலாவது இடதுசாரிகளுக்கும் இரண்டாவது தாராளவாத மனிதநேயர்களுக்கும் பிடித்தமானது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலப்பரப்பு விடுபட்டுப் போகிறது. வீடு, கடை, கிணற்றடி, பள்ளிக்கூடம், கல்யாணப் பந்தல், சந்தை. மேலே தீர்மானிக்கப்படுகிற போரும் உள்ளே மூட்டப்படுகிற வெறுப்பும் இந்த நடுநிலத்தின் வழியாகத்தான் நடமாட முடியும். வேறு வழி கிடையாது.

போர் ஒரு வேலை. யாரோ சோறாக்க வேண்டும், யாரோ துணி துவைக்க வேண்டும். சேதி கொண்டுபோக, பணம் வசூலிக்க, எதிராளி வந்தால் கதவைச் சாத்த, செத்தவனைப் பாடிப் புகழ, உயிரோடு திரும்பியவனைக் கோழை என்று ஏச ஆட்கள் வேண்டும். இந்த வேலையைச் செய்கிறவர்கள்தான் 'சாதாரண மக்கள்'. அப்படியானால் அவர்களைப் போருக்கு வெளியே நிற்கிற அப்பாவிகளாகக் காட்டுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவர்கள் உள்ளே இருக்கிறார்கள். உள்ளே இருக்கிற காரணத்தால்தான் அவர்களால் எதையாவது நிறுத்த முடிகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

2

இதற்குச் சான்று நம் பழைய பிரதிகளிலேயே கிடக்கிறது. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டை 'வீரத்தாய்' என்று மேடைகளும் பாடப்புத்தகங்களும் தலைமுறை தலைமுறையாக விற்றுத் தீர்த்திருக்கின்றன. முன்னொரு நாள் போரில் பிறந்த வீட்டு ஆணையும், நேற்றைய போரில் கணவனையும் இழந்தவள், இன்று பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகிறாள். வாசித்தவர்கள் எல்லாரும் அவள் நெஞ்சுரத்தைப் பார்த்தார்கள். அவள் கைகளைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்தக் கைகள் என்ன செய்கின்றன? வெள்ளைத் துணியை உடுத்திவிடுகின்றன. பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவுகின்றன. வேலை எடுத்துக் கொடுக்கின்றன. முதல் இரண்டும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற தாய் தினமும் காலையில் செய்கிற காரியங்கள். மூன்றாவது அதே வரிசையில், அதே இயல்போடு வந்து சேர்ந்துகொள்கிறது. வீட்டு வேலைக்கும் போர் வேலைக்கும் இடையில் ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லை. பாட்டு அவளைப் புகழ்கிறதா, அஞ்சுகிறதா என்பதை உரையாசிரியர்கள் பேசட்டும். எண்ணெய்க் கிண்ணமும் வேலும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்பதைப் பாட்டு மறைக்கவில்லை. மறைத்தது பிற்கால மேடை.

அந்தக் கை எண்ணெய் தடவியதோடு நின்றுவிட்டால்? வேலை எடுத்துக் கொடுக்காமல் இருந்தால்? பாட்டுக்குள் இந்தக் கேள்விக்கு இடமில்லை. வரலாற்றில் சில இடங்களில் இருந்திருக்கிறது. அப்படி ஓர் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தூரத்து ஊர்தான். ஆனால் போரின் வேலை எது, அதை யார் செய்கிறார்கள் என்று பெயர் சொல்லி அடையாளங்கண்டு நிறுத்திய அரிய இடங்களில் அது ஒன்று.

3

கென்யாவின் வடகிழக்கு மூலையில், சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் ஒட்டிய வறண்ட நிலம் வஜீர். ஒட்டகமும் மாடும் மேய்க்கிற சோமாலிகள் வாழும் பகுதி. தெகோடியா, அஜுரான், ஒகாதேன் என்று பெரிய குலங்கள் மூன்று, சிறு குலங்கள் பல. 1963இல் கென்யா விடுதலை அடைந்த கையோடு இப்பகுதியில் அவசரநிலை பிரகடனமானது. சோமாலியாவோடு சேர வேண்டும் என்று கேட்ட மக்கள்மீது நடந்த அடக்குமுறைப் போர் 1967 வரை நீடித்தது. அவசரநிலைச் சட்டங்கள் 1990களின் தொடக்கம் வரை விலகவில்லை. 1984 பிப்ரவரியில் பாதுகாப்புப் படைகள் தெகோடியா ஆண்களைத் திரட்டிக்கொண்டுபோய் வகல்லா என்ற இடத்தில் விமான ஓடுபாதையில் அடைத்தன. தண்ணீரில்லை, சோறில்லை, பிறகு துப்பாக்கிச்சூடு. அரசு பின்னாளில் ஒப்புக்கொண்ட சாவு 57. உயிர்தப்பியவர்கள் சொல்வது ஆயிரக்கணக்கில். 2013இல் அறிக்கை தந்த உண்மை, நீதி, நல்லிணக்க ஆணைக்குழு ஏறக்குறைய ஆயிரம் என்ற கணக்கை நெருங்கியது.

ஆக, 'குலச் சண்டை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போகக் கூடாது. அரசு முதலில் சுட்டது, பிறகு கைவிட்டது. 1991இல் சோமாலியாவில் சியாத் பாரேயும் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்துவும் வீழ்ந்தார்கள். எல்லை தாண்டி அகதிகளும் துப்பாக்கிகளும் ஒரே பாதையில் வந்தன. கூடவே வறட்சி, கால்நடைச் சாவு. 1992இல் பலகட்சித் தேர்தல் வேறு. நாடாளுமன்றத் தொகுதி எந்தக் குலத்துக்கு என்ற போட்டி. இவ்வளவும் சேர்ந்து 1992 முதல் 1995 வரை வஜீர் எரிந்தது.

சண்டை மேய்ச்சல் நிலத்தில் தொடங்கி ஊருக்குள் வந்தது. ஊருக்குள் அது முதலில் வந்து சேர்ந்த இடம் காவல்நிலையமில்லை, சந்தை. அங்கே பால் விற்பதும் சர்க்கரை, தேயிலை, மாவு வாங்குவதும் பெண்கள். ஒரு குலத்துப் பெண் மற்ற குலத்துப் பெண்ணிடம் விற்க மறுத்தாள், வாங்க மறுத்தாள். பிறகு கைகலப்பு. நம் ஊர்களில் இதற்குப் பழகிய பெயரே இருக்கிறது: ஊர்க்கட்டுப்பாடு. 'அவங்களுக்குச் சரக்குக் கொடுக்காதே' என்று ஒரு பெட்டிக்கடையில் சொல்லப்படுகிற நாளுக்கும் குடிசை எரிகிற நாளுக்கும் நடுவில் அதிக தூரம் இருப்பதில்லை என்பது சேரிகளில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் எரிந்த பிறகு தெரிகிறது.

1993இல் வஜீரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்கள் கூடிப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் தெகா இப்ராஹிம் அப்தி (1964-2011). பின்னாளில், 2007இல், 'மாற்று நோபல்' என்று சொல்லப்படுகிற வாழ்வுரிமை விருது அவருக்குக் கிடைத்தது. அவர்கள் முதலில் ஊர்வலம் போகவில்லை, தலைநகருக்கு மனு எழுதவில்லை, போராளிகளுக்கு அறவுரை சொல்லவில்லை. சந்தைக்குப் போனார்கள். சந்தைப் பெண்களிடம் பேசி ஒரு விதியை நிறுத்தினார்கள்: எந்தக் குலத்தவரும் எந்தக் குலத்தவருக்கும் விற்கலாம், எவரிடமும் வாங்கலாம். விதி நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க எல்லாக் குலத்துப் பெண்களும் சேர்ந்த கண்காணிப்புக் குழு. மீறல் நடந்தால் அன்றைக்கே, அங்கேயே பேசித் தீர்ப்பது.

இதைப் படித்ததும் 'இது என்னங்க பெரிய விஷயம், பால் வியாபாரம்தானே' என்று தோன்றலாம். அப்படித் தோன்றுவதுதான் நம் அரசியல் பழக்கத்தின் கோளாறு. யோசித்துப் பாருங்கள். சந்தை பிளந்தால் இரண்டு சந்தை. இரண்டு சந்தை என்றால் இரண்டு பாதை, இரண்டு காவல், இரண்டு வதந்தி. எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அற்றுப்போகிற நாளில் அவனைச் சுடுவது லகுவாகிவிடுகிறது. சந்தையைத் திறந்து வைத்திருப்பதன் மூலம் இந்தப் பெண்கள் முகத்தைப் பார்க்கும் கட்டாயத்தைத் திறந்து வைத்தார்கள். அன்பு செலுத்து என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. விலை பேசு என்றார்கள், போதும்.

அங்கிருந்து அடுத்த படி. குல மூத்தோரைக் கூட்ட வேண்டும். ஆனால் பெரிய குலத்தவர் கூப்பிட்டால் மற்ற பெரிய குலம் வராது. சிறு குலங்களின் மூத்தோரைக் கொண்டு கூட்டினார்கள். அதிகாரமற்றிருப்பதே இங்கே அதிகாரமானது. விளிம்பு மையத்தை அழைத்தது. 1993இல் மூத்தோர் அல் ஃபதா பிரகடனத்தில் ஒப்பினார்கள். எதிர்காலத்தில் சண்டை வந்தால் குலங்கள் ஒன்றுக்கொன்று எப்படி நடந்துகொள்வது என்பதற்கான விதிகள் அதில் இருந்தன. பிறகு இளைஞர்கள் சேர்ந்தார்கள், வியாபாரிகள், மதத்தலைவர்கள், அரசு ஊழியர்கள் சேர்ந்தார்கள். எங்காவது கொலை நடந்தாலோ கால்நடை களவு போனாலோ, பழிவாங்கலுக்கு முன்பாக அங்கே போய்ச் சேர்ந்து என்ன நடந்தது என்று நேரில் விசாரிக்க ஒரு விரைவுக் குழு அமைந்தது. 1995இல் இவை எல்லாம் வஜீர் சமாதான, வளர்ச்சிக் குழு என்ற பெயரில் மாவட்ட நிர்வாகத்தின் ஓர் அங்கமாயின.

ஏன் பெண்கள்? 'பெண்கள் இயல்பிலேயே சமாதானப் பிரியர்கள்' என்ற பதிலைத் தயவுசெய்து வேண்டாம். சோமாலி சமூகத்தில் ஆண்களைப் போருக்குத் தூண்டிப் பாட்டுக்கட்டியவர்களும், துப்பாக்கி வாங்க நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களும் பெண்கள்தான். காரணம் இயல்பில் இல்லை, இருப்பிடத்தில் இருக்கிறது. அங்கே பெண் அப்பன் குலத்தில் பிறந்து பல நேரங்களில் வேறு குலத்தில் வாழ்க்கைப்படுகிறாள். பிறந்த வீடு ஒரு குலம், பெற்ற பிள்ளைகள் இன்னொரு குலம். போர் வந்தால் அண்ணனும் மகனும் எதிரெதிர் நிற்பார்கள். இரண்டு பக்கமும் அவளை முழுசாக நம்பாது. அடையாள அரசியலின் கணக்கில் அவள் ஒரு மிச்சம், வகுபடாமல் நிற்கிற எச்சம். வழக்கமாக இந்த நிலை பெண்ணுக்குத் தண்டனை. பகை தீர்க்கப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கமும் இதே தர்க்கத்தில்தான் வந்தது. வஜீர் பெண்கள் தண்டனையாக விதிக்கப்பட்ட அதே இடைவெளியைத் தாங்கள் நடமாடும் பாதையாக மாற்றிக்கொண்டார்கள்.

4

இந்த மாதிரி வேலையை எப்படிக் கதையாக்குகிறோம் என்பதில்தான் அடுத்த சிக்கல் இருக்கிறது. அதற்கு லைபீரியா நல்ல உதாரணம்.

1989 முதல் 2003 வரை இரண்டு உள்நாட்டுப் போர்களில் அந்தச் சிறிய நாட்டில் இரண்டரை லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 2003 ஏப்ரலில் தலைநகர் மன்ரோவியாவில், அதிபர் சார்லஸ் டெய்லரின் கார் அணிவகுப்பு போகும் சாலையோரத்தில், மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் தினமும். இதைப் பற்றி 2008இல் 'பிரே த டெவில் பேக் டு ஹெல்' என்ற ஆவணப்படம் வந்தது. படத்தின் மையக் குரலான லேமா போவீக்கு 2011இல் நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. படம் பார்க்க வேண்டிய படம், சந்தேகமில்லை. ஆனால் அது உலகமெங்கும் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியது இரண்டே காட்சிகள். ஒன்று, கணவர்களுக்கு உடலுறவு மறுத்த போராட்டம். இரண்டு, 2003 ஜூலையில் அக்ரா பேச்சுவார்த்தை மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்த பெண்கள், கைதுசெய்ய வந்தபோது போவீ தன் உடையைக் களையத் துணிந்தது.

உடலுறவு மறுப்பால் நடைமுறையில் பெரிய பலனில்லை, பத்திரிகைகளின் கவனம்தான் கிடைத்தது என்று போவீயே தன் நினைவுக்குறிப்பில் ஒளிவில்லாமல் எழுதியிருக்கிறார். யார் கேட்டார்கள்? பெண்ணுடலைத் தவிர பெண் அரசியலுக்கு வேறு வடிவம் இருக்க முடியும் என்று நம்பாத ஊடகப் பார்வைக்கு அந்த ஒரு காட்சி போதுமாக இருந்தது. வாசல் மறிப்பு நிஜமாகவே காத்திரமான செயல். உள்ளே இருந்தவர்கள் ஓட்டலில் தங்கிப் பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள், மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நடுவராக இருந்த நைஜீரிய ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் பெண்கள் பக்கம் பேச வேண்டி வந்தது. ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆனால் ஒப்பந்தத்துக்குக் காரணம் அது மட்டுமே இல்லை. ஜூன் 4இல் சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் டெய்லர்மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டிருந்தது. கிளர்ச்சிப் படைகள் தலைநகரை முற்றுகையிட்டிருந்தன. அமெரிக்கா டெய்லர் விலக வேண்டும் என்றது. மேற்கு ஆப்பிரிக்கப் படை ஆகஸ்டில் இறங்கியது. ஆகஸ்ட் 11இல் டெய்லர் நைஜீரியாவுக்குப் போனார். இவற்றைச் சொல்லுவதால் பெண்களின் பங்கு குறையாது. 'தாய்மார்கள் அழுதார்கள், கொடுங்கோலன் ஓடினான்' என்ற தேவதைக் கதை, அடுத்த ஊரில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்றும் கற்றுத் தராது. எந்தத் தருணத்தில், எந்தச் சக்திகளின் இடுக்கில், எந்த வாசலில் உட்கார வேண்டும் என்ற கணிப்பும் சேர்ந்துதான் அவர்களுடைய சாதனை.

கதையில் விடுபட்டுப்போனது அதற்குப் பிறகு நடந்தது. 2003 டிசம்பரில் ஐ.நா. படை ஆயுத ஒப்படைப்பை அவசரமாகத் தொடங்கி, போராளிகள் கலவரம் செய்ய, பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. பெண்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள், நிபுணர்கள் கேட்கவில்லை. மறுபடி தொடங்கியபோது பெண்களையும் கூப்பிட்டார்கள். 2005 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலில் பெண்கள் குறைவாக இருந்தபோது இயக்கப் பெண்கள் சந்தைக்குப் போனார்கள். சந்தைப் பெண்ணுக்குக் கடையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க நேரமில்லை. அவள் போய்ப் பதிந்துவிட்டு வரும்வரை கடையையும் கைக்குழந்தையையும் இவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு ஒளிப்படக் கவர்ச்சி கிடையாது. என் பார்வையில் லைபீரிய அனுபவத்தின் உச்சம் இந்தக் கடை பார்த்துக்கொண்டதுதான்.

5

'தாய்' என்ற உருவத்தோடு எனக்குள்ள பிணக்கு வெறும் கோட்பாட்டுப் பிணக்கில்லை. நமக்கு மிக அருகில் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1984இல் யாழ்ப்பாணத்தில், இளைஞர்கள் கொத்துக்கொத்தாகக் கைதானபோது, அன்னையர் முன்னணி ஆயிரக்கணக்கான பெண்களோடு தெருவில் இறங்கியது. பின்னர் ஆயுத இயக்கங்களின் அதிகாரம் வலுக்க வலுக்க அந்த வெளி சுருங்கிப்போனது. தெற்கே, 1987-89 ஜேவிபி கிளர்ச்சியை அரசு நசுக்கியபோது காணாமலாக்கப்பட்டவர்களுக்காக 1990இல் சிங்களத் தாய்மாரின் முன்னணி உருவானது. அதற்குப் பின்பலமாக நின்றவர்கள் எதிர்க்கட்சி அரசியல்வாதிகளான மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். அந்தக் கண்ணீர் 1994இல் ஆட்சி மாற்றத்துக்கு உதவியது. 1995இல் போர் மறுபடி மூண்டது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் ஜனாதிபதி நாற்காலியில் இருந்தவர் அன்று தாய்மாரின் ஆவணங்களை ஜெனீவாவுக்குத் தூக்கிச் சென்ற அதே ராஜபக்ச. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் படங்களோடு உட்கார்ந்தவர்களும் தாய்மார்கள்தான்.

தாய்மை யாருக்கும் வாடகைக்குக் கிடைக்கிற படிமம். மாசாத்தியாரின் தாயைப் போருக்குப் பயன்படுத்தலாம், அழுகிற தாயைத் தேர்தலுக்குப் பயன்படுத்தலாம். தாய் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற பாதுகாப்பு அந்தப் பெண்களுக்கு அவசியமாக இருந்தது உண்மை. அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் 'என் பிள்ளை எங்கே' என்ற கேள்வி 'உன் பிள்ளை எங்கே' என்று எதிர்ப்பக்கத்துத் தாயிடம் நகராதவரை அது போரின் எல்லைக்கோட்டைத் தாண்டுவதில்லை. வஜீர் சந்தையில் நகர்ந்தது. அவர்கள் அங்கே தாய்களாகக் கூடவில்லை, விற்பவர்களாகவும் வாங்குபவர்களாகவும் கூடினார்கள் என்பது தற்செயல் இல்லை.

எல்லைக்கோட்டைத் தாண்டுகிறவருக்கு என்ன ஆகும் என்பதற்கும் யாழ்ப்பாணமே சாட்சி. ராஜினி திராணகம மருத்துவர், பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவர். இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள், இலங்கை அரசு என்று எவருக்கும் விலக்களிக்காமல் நடந்ததை நடந்தபடி பதிவுசெய்தார்கள். 1989 செப்டம்பர் 21இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். போரின் வேலைகளில் ஒன்று மறதி, இன்னொன்று ஒருபக்கக் கணக்கு. அந்த வேலைகளைச் செய்ய மறுத்தவருக்குப் போர் கொடுத்த கூலி அது. ஆகவே 'வேலையை மறுப்பது' என்று சுலபமாக எழுதிவிட்டு நகர முடியாது. அதற்குத் தனியாள் போதாது, சந்தையளவு கூட்டம் வேண்டும். பலர் சேர்ந்து செய்தால்தான் மறுப்பவள் 'துரோகி' ஆகாமல் தப்புவாள்.

6

வஜீரைக் கோயிலாக்கிவிடக் கூடாது என்பதால் இன்னும் மூன்று விஷயங்கள்.

முதலாவது, கணக்கு. வடகிழக்குக் கென்யாவில் 2001இல் மொதொகாஷே பிரகடனம் வந்தது. குலங்களுக்கிடையே கொலை நடந்தால் இழப்பீடு எவ்வளவு என்று மூத்தோர் வகுத்தார்கள். ஆணின் உயிருக்கு 100 ஒட்டகம், பெண்ணின் உயிருக்கு 50. இப்பகுதியில் சமாதான முயற்சியைச் சந்தையில் தொடங்கிவைத்தவர்கள் பெண்கள். சமாதானம் எழுத்தில் ஏறியபோது அவர்கள் பாதியாகிவிட்டார்கள். மரபு என்ற பெயரில் போரை நிறுத்துகிற அதே கருவி ஆணாதிக்கத்தையும் புதுப்பித்துக்கொள்கிறது. 'உள்ளூர் அறிவு' என்று இப்போது எதற்கெடுத்தாலும் உருகுகிறவர்கள் இந்த ஐம்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அரசு. 1995இல் குழு நிர்வாகத்தின் அங்கமானது. வகல்லாவில் சுட்ட அதே அரசின் நிர்வாகம். அதனால் வாகனம் கிடைத்தது, அங்கீகாரம் கிடைத்தது. வகல்லாவைப் பற்றி அரசிடம் உரக்கக் கேட்கிற குரல் அதே மேசையிலிருந்து எப்படி வரும்? 2007-08 தேர்தல் வன்முறைக்குப் பிறகு இத்தகைய குழுக்கள் கென்யா முழுவதும் பரப்பப்பட்டன. தேவையிலிருந்து பிறந்தது திட்டமாக மாறும்போது பயிலரங்கு, அறிக்கை, படிக்காசு எல்லாம் வரும். படிக்காசு வந்தால் நாற்காலிக்கு வேறு ஆட்களும் வருவார்கள். இது அந்த ஊருக்கு மட்டும் உரிய வியாதியில்லை.

மூன்றாவது, காலம். 2014இல் வஜீர், மந்தேரா எல்லைப்பகுதியில் தெகோடியா, கர்ரே குலங்களுக்கிடையே மறுபடி மோதல். பலர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். 'அப்ப எல்லாம் வீண்தானா?' வீணில்லை. ஒருமுறை செய்து முடித்துப் பட்டயம் எழுதி மாட்டிவிடக் கூடிய பொருளாகச் சமாதானத்தை நினைத்தது தவறு. போர் தினசரி வேலை என்றால் சமாதானமும் தினசரி வேலைதான். நேற்றுப் பெருக்கினோம் என்பதால் இன்றைக்கு வாசலில் குப்பை விழாமல் இருக்காது.

நீதியையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். லைபீரியாவில் போர்க் குற்றங்களுக்கென்று உள்நாட்டு நீதிமன்றம் அமையாமலே இருபது ஆண்டுகள் கழிந்தன. அதற்கான அலுவலகம் அமைக்க அதிபர் ஆணை வந்தது 2024இல். டெய்லருக்கு 2012இல் விதிக்கப்பட்ட 50 ஆண்டுச் சிறை சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. சுடாமல் இருப்பதற்கு விலையாகக் கேட்காமல் இருப்பதைப் பெறுகிற சமாதானம் கடனில் வாங்கிய சமாதானம். வட்டி அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

7

ஒரு நியாயமான மறுப்பு எழும். குலச் சண்டையில் சுடுகிறவன் பக்கத்து வீட்டுக்காரன், அதனால் சந்தை வேலை செய்கிறது. ஆயிரம் மைல் தாண்டி வந்து குண்டு போடுகிற விமானத்தை எந்தப் பால்காரி நிறுத்துவாள்?

விமானமும் வேலையால்தான் பறக்கிறது. 1973 செப்டம்பர் 11இல் சிலி அதிபர் மாளிகைமீது ஹாக்கர் ஹன்டர் விமானங்கள் குண்டு போட்டன. அவற்றின் எஞ்சின்கள் பழுதுபார்க்க ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆலைக்கு வந்தபோது, 1974இல், தொழிலாளர்கள் தொட மறுத்தார்கள். எஞ்சின்கள் வருடக்கணக்கில் ஆலை முற்றத்தில் கிடந்து துருப்பிடித்தன. 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத் தொழிலாளர்கள், ஏமன் போரைச் சொல்லி, சவுதி கப்பலில் ஒரு சரக்கை ஏற்ற மறுத்தார்கள். இதனால் பினோசெட் வீழ்ந்துவிடவில்லை, ஏமன் போரும் நிற்கவில்லை. சில எஞ்சின்கள் பறக்கவில்லை, ஒரு சரக்கு ஏறவில்லை. அவ்வளவுதான். போர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் அது யாரோ ஒருவரின் பணிமேசையைக் கடந்துதான் வருகிறது என்பதற்கு இது போதுமான சான்று.

அப்படிப் பார்த்தால் இந்த இதழை எழுதுகிற, வாசிக்கிற நம் பணிமேசைகளையும் விலக்கிவிட முடியாது. ஒரு தரப்பின் பிணங்களை மட்டும் எண்ணுவது, மாவீர மரணத்துக்குக் கவித்துவம் சேர்ப்பது, சந்தேகப்படுகிறவருக்குத் 'துரோகி' என்று பெயர் சூட்டுவது, கேள்விப்பட்டதை விசாரிக்காமல் ஆவேசமாகப் பரப்புவது, 'இப்போது இதைப் பேசும் தருணமில்லை' என்று ஒத்திப்போடுவது: தமிழில் எழுதுகிறவர்கள் போருக்குச் செய்து கொடுத்த வேலைகளின் பட்டியல் இது. சோறாக்குவதைவிடவும் துணி துவைப்பதைவிடவும் இது சுத்தமான வேலை என்று யாராவது சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும்.

போரைத் தடுக்க நீ என்ன செய்வாய் என்று ஒருவரைக் கேட்டால் அவர் வானத்தைப் பார்ப்பார். போருக்கு இன்றைக்கு உன் கையிலிருந்து போவது என்ன என்று கேட்டால் கையைப் பார்ப்பார். இரண்டாவது கேள்வியைத்தான் வஜீர் பெண்கள் சந்தையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த கலவரம் மூளும் ஊரில், முதல் பெட்டிக்கடை சரக்குத் தர மறுக்கிற அன்றைக்கே அந்தக் கடைவாசலில் போய் நிற்க நம்மில் எத்தனை பேர் தயார்? இரு பக்கத்திலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போக நம்மிடம் ஆட்கள் உண்டா? கட்டுரை எழுதி இதற்குப் பதில் சொல்ல முடியாது.